வார்லி கோயில்: ஏரி வருவதற்கு முன்

அன்பான டிக்கோயா உறவுகளுக்கு வணக்கம்.

போன வாரம் தம்பி ஒருவர் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மேட்டில் நம் மலையகத்து வார்லி கோயில், அதாவது ஆங்கிலிக்கன் தேவாலயம், கீழே காசல்ரீ ஏரி, பனி. பலரும் "ஏரிக்கரைக் கோயில்" என்று எழுதியிருந்தீர்கள். படம் அருமைதான், ஆனால் கோயில் கட்டிய காலத்தில் அங்கே ஏரியே கிடையாது. கோயில் 1878, ஏரியை உண்டாக்கிய அணை 1965. இடைப்பட்ட எண்பது வருஷத்துக்கு மேலாக அந்த வாசலில் நின்றவர்கள் பார்த்தது கெஹெல்கமு ஓயா ஓடிய பள்ளத்தாக்கை. அம்மாயி கடைசிவரைக்கும் ஏரி என்று சொன்னதே இல்லை, "ஆத்துப் பக்கம்" என்றுதான் சொல்லும்.

1878 என்பதை இன்னும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அது கோப்பிக் காலத்தின் கடைசி. 1869இலேயே மடுல்சீமைப் பக்கம் இலைத்துரு நோய் வந்துவிட்டது, இலைக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் மாவு மாதிரி படிந்து மரம் மொட்டையாகிவிடும். பத்துப் பதினைந்து வருஷத்தில் மலை முழுக்கக் கோப்பி போயிற்று. அதாவது வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் இந்தக் கோயிலை எழுப்பியது கையில் காசு புரண்ட நல்ல நாளில் அல்ல, விளைச்சல் கண்முன்னே செத்துக்கொண்டிருந்தபோது. தேயிலை இந்த மலைகளை முழுசாகப் பிடித்தது அதற்கு அப்புறம்தான். எனக்கு இந்த ஒரு விஷயம்தான் அந்தக் கட்டடத்தைப் பற்றி எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் படுகிறது.

அடுத்தது பாதை. ஹட்டனுக்கு ரயில் வந்தது 1884இல். கோயில் கட்டும்போது தண்டவாளம் நாவலப்பிட்டியோடு சரி. அதற்கு மேல் மாட்டுவண்டி, வண்டி ஏறாத இடத்தில் தலைச்சுமை. கல் பக்கத்திலேயே கிடைத்திருக்கும், ஆனால் வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு சாமானும் யாரோ ஒருவர் தோளில் ஏறித்தானே வந்திருக்க வேண்டும்? அந்தத் தோள் யாருடையது என்று நம் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து வந்து, மன்னாரில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழியாக நடந்தே வந்த நம் சனம் அது.

சின்ன வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாயியோடு அங்கே போனது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கல்லறைப் பக்கம் ஒரு கல்லில் எழுத்துக்குள் பாசி ஏறியிருந்தது, நான் ஈர்க்குச்சியால் சுரண்டிச் சுரண்டி வாசித்தேன். ஒரு குழந்தையின் கல்லறை. என் ஒரு எட்டுக்குள் அடங்கிவிடும் அளவு. அம்மாயி முந்தானையால் அந்தக் கல்லைத் துடைத்துவிட்டு, "வெள்ளக்காரப் புள்ளைக்கும் காய்ச்சல்தான், நம்ம புள்ளைக்கும் காய்ச்சல்தான். இதுக்குக் கல்லு இருக்கு" என்றது. அவ்வளவுதான் சொன்னது. நான் பிறகு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அங்கே நான் வாசித்த பெயர்கள் அநேகமாக எல்லாமே துரைமார் குடும்பத்துப் பெயர்கள்தான்.

தோட்டத்துச் சனத்துக்கென்று ஆங்கிலிக்கன் மிஷன் 1854இலேயே வேலையைத் தொடங்கியிருந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் தமிழில் ஜெபம் நடத்தினார்கள். ஆக நம் ஆட்களின் சபை அந்தக் கல் கட்டடத்துக்கும் மூத்தது. இதை யாரும் படத்துக்குக் கீழே எழுதுவதில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கையில் என்று இரண்டு அரசுகள் பேசி முடித்தன. அடுத்த வருஷம் அணை கட்டி முடித்தாகிவிட்டது. பள்ளத்தாக்கில் தண்ணீர் ஏறிய பிறகு வந்த வருஷங்களில்தான் ஒப்பந்தப்படி லயத்தில் பெட்டி கட்டத் தொடங்கினார்கள். இன்று கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கிற நம் பெரியவர்களுக்கு அந்தக் கோயிலின் சின்ன வயது ஞாபகம் ஏரி இல்லாத ஞாபகமாகவே இருக்கும்.

அதனால் ஒன்று கேட்கிறேன். வீட்டில் எழுபத்தைந்து வயதுக்கு மேல் யார் இருந்தாலும் கைபேசியை எடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். ஆற்றைக் கடந்து கோயிலுக்கு எந்த வழியாகப் போனார்கள், உள்ளே எங்கே உட்கார வைத்தார்கள், யார் தமிழில் ஜெபம் பண்ணினார்கள், தோட்டத்தில் நம் ஆட்களை எங்கே புதைத்தார்கள் என்று கேளுங்கள். பழைய ஞானஸ்நானச் சீட்டு இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். எழுத்து மங்கியிருந்தாலும் பரவாயில்லை, நான் உட்கார்ந்து வாசித்துக்கொள்கிறேன்.