'ஹாவ்' என்பதற்குப் பின் 'ஒல்ரெடி' வருமா?

கேள்வி (உவர்மலை, திருகோணமலை):
வணக்கம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் மகள் 'ஐ ஒல்ரெடி ஹாவ் ஃபினிஷ்ட்' என்று எழுதியதை, ஆசிரியர் 'ஐ ஹாவ் ஒல்ரெடி ஃபினிஷ்ட்' என்று திருத்தியிருக்கிறார். துணைவினையையும் முதன்மை வினையையும் பிரித்து நடுவில் வேறொரு சொல்லை வைப்பது எப்படிச் சரியாகும் என்று அவள் கேட்கிறாள். எனக்கும் விடை தெரியவில்லை.

மறுமொழி 1:
ஐயா, ஆசிரியரின் திருத்தம் சரியானது. தமிழில் 'முடித்துவிட்டேன்' என்பதைப் பிளந்து 'ஏற்கெனவே' என்பதை நுழைக்க முடியாது. அதனால்தான் இந்த இடம் நமக்கு உறுத்துகிறது. ஆங்கிலத்தில் ஒல்ரெடி, ஜஸ்ட், நெவர், ஒல்வேஸ் முதலியவற்றுக்கு முதலாவது துணைவினையை அடுத்த இடமே இயல்பானது. மூதூருக்குப் புறப்பட்ட படகைப் பற்றி 'த போட் ஹாஸ் ஜஸ்ட் லெஃப்ட்' என்கிறோம். துணைவினை இரண்டானாலும் 'த நெட்ஸ் ஹாவ் ஒல்ரெடி பீன் மெண்டட்' என்று முதலாவதை அடுத்தே வரும்.

மறுமொழி 2:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். செயல் நடந்த விதத்தைக் காட்டும் சொல் இறுதி வினையை ஒட்டி நிற்கும்: 'த நெட்ஸ் ஹாவ் பீன் கெயார்ஃபுலி மெண்டட்'. 'யெட்' பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் மகள் எழுதியது முற்றிலும் பிழையா?

மறுமொழி 1:
அப்படி அடித்துவிட மாட்டேன். 'ஹாவ்' என்பதை அழுத்திச் சொல்லும்போது அவ்வாறும் வரும். 'ஹாவ் யூ ஈட்டன்?' என்ற கேள்விக்கு முதன்மை வினையை விட்டுவிட்டு 'யெஸ், ஐ ஒல்ரெடி ஹாவ்' என்று பதில் சொல்லும்போது அந்த ஒழுங்குதான் சரி. பரீட்சைத் தாளில் மட்டும் ஆசிரியர் காட்டிய இடத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.