இரவில் எடுத்தால் பலகையில் எண் மட்டும் தெரியவில்லை, அவசர உதவி

எண்வேட்டை (பதிவுகள்: 14)
சனி, இரவு 11.48

வணக்கம் நண்பர்களே. மூன்று வாரமாக ஒரே பலகையை எடுத்து எடுத்துத் தோற்றுக்கொண்டிருக்கிறேன். ஊர்ப்பெயர் ஓரளவுக்கு வருகிறது. எண் இருக்கும் கட்டம் மட்டும் டியூப்லைட் மாதிரி வெள்ளையாக எரிந்துவிடுகிறது. உளுந்தூர்பேட்டை தாண்டி திருச்சி போகும் பக்கம், பழைய 45 எண் போட்ட தேசிய நெடுஞ்சாலைப் பலகை. பகலில் பேருந்து ஜன்னலிலிருந்து இரண்டு தடவை பார்த்தேன், 45தான். பக்கத்தில் வேலை நடக்கிறது, எப்போது கழற்றிப் போடுவார்களோ தெரியாது. என்ன செட்டிங் வைக்க வேண்டும்? படம் இணைத்திருக்கிறேன்.

பழையலென்ஸ் (பதிவுகள்: 903)
சனி, இரவு 11.56

படம் இணையவில்லை.

போனா கேமராவா? ஃபிளாஷ் போட்டீர்களா? எவ்வளவு தூரத்திலிருந்து? நின்று எடுத்தீர்களா, ஓடும் வண்டியிலிருந்தா? இதில் ஒன்றுகூடச் சொல்லாமல் செட்டிங் கேட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

கொள்ளிடக்கரை (பதிவுகள்: 211)
ஞாயிறு, காலை 6.10

லென்ஸைத் துடையுங்கள் ப்ரோ. பத்தில் ஒன்பது பேருக்கு அதுதான். சட்டைப்பையில் போட்டு எடுத்தால் விரல் எண்ணெய் ஒட்டும், விளக்கெல்லாம் பூத்துவிடும். எனக்கு நாமக்கல் பைபாஸில் இதே கதை, கைக்குட்டையால் துடைத்ததும் சரியானது.

அதிகாலைப்பனி (பதிவுகள்: 58)
ஞாயிறு, காலை 7.32

பனியாக இருக்கும். பலகைமேல் ஈரம் படிந்தால் வெளிச்சம் சிதறும்.

பழையலென்ஸ்
ஞாயிறு, காலை 7.40

பனி எண் கட்டத்தில் மட்டும் வந்து உட்காருமா?

மைல்கல் மன்னன் (பதிவுகள்: 6,412)
ஞாயிறு, காலை 9.05

இரவுப் படம் பற்றி இங்கே எத்தனையோ இழைகள் ஏற்கெனவே இருக்கின்றன. தேடிப் பார்க்கும் பழக்கம் இப்போது யாருக்கும் இல்லை, பரவாயில்லை.

முதலில் அடிப்படை. தமிழ்நாட்டில் 45 என்று ஒன்று கிடையாது. 2010-இல் தேசிய நெடுஞ்சாலை எண்களையெல்லாம் மாற்றியாயிற்று. பழைய 45-இல் சென்னையிலிருந்து திண்டிவனம் வரை இப்போது 32, அங்கிருந்து விழுப்புரம் வரை 132, விழுப்புரத்திலிருந்து திருச்சி வரை 38. இன்றைய 45 மத்தியப் பிரதேசத்தில் ஜபல்பூர் வழியாகப் போகிறது. பேருந்து ஜன்னலில் தூக்கக்கலக்கத்தில் பார்த்ததை வைத்து வேட்டைக்குக் கிளம்பினால் இப்படித்தான்.

தாம்பரம்_தம்பி (பதிவுகள்: 77)
ஞாயிறு, காலை 9.21

மன்னன் சார், எண் மாறினால் பலகையும் அன்றைக்கே மாறிவிடுமா? எங்கள் வீட்டில் இந்தச் சாலை இன்னும் ஜிஎஸ்டி (கிராண்ட் சதர்ன் டிரங்க்) ரோடுதான், அப்பாவுக்கு இன்னும் 45தான். புது எண்ணைச் சொன்னால் எந்த ஊர் ரோடு என்று கேட்கிறார்.

மைல்கல் மன்னன்
ஞாயிறு, காலை 9.48

அப்பாவுக்குச் சொல்லிக்கொடுங்கள், ஒன்றும் கஷ்டமில்லை. வடக்கு தெற்காகப் போவது இரட்டைப்படை, கிழக்கிலிருந்து மேற்கே போகப்போக எண் ஏறும். நம் கடற்கரையோரம் 32, அடுத்து 38, அடுத்து 44, கேரளக் கடற்கரையில் 66. கிழக்கு மேற்காகப் போவது ஒற்றைப்படை, வடக்கிலிருந்து தெற்கே ஏறும். உளுந்தூர்ப்பேட்டை சேலம் 79, அப்புறம் 81, 83, 85, 87. கேள்வி கேட்டவர் உளுந்தூர்ப்பேட்டையில் 'ப்' என்ற ஒற்றெழுத்தையே போடவில்லை, அதையும் கவனித்தேன்.

தாம்பரம்_தம்பி
ஞாயிறு, காலை 10.02

அப்படியானால் சென்னையில் வந்து முடிகிற 48? 44-க்கு மேற்கே அல்லவா இருக்க வேண்டும்?

மைல்கல் மன்னன்
ஞாயிறு, காலை 10.15

டெல்லியில் கிளம்பி ஜெய்ப்பூர், அகமதாபாத், மும்பை, புனே என்று முக்கால்வாசி தூரம் 44-க்கு மேற்கேதான் ஓடுகிறது. கிருஷ்ணகிரியில் 44-ஐ விட்டுப் பிரிந்து கிழக்கே திரும்புகிறது. முழு வரைபடத்தையும் பார்க்காமல் கடைசி துண்டை மட்டும் பார்த்தால் குழப்பம் வரத்தான் செய்யும்.

கொள்ளிடக்கரை
ஞாயிறு, காலை 10.31

ஒற்று பற்றி: நான் அந்த ஊரில் பார்த்த கடைப்பலகைகளில் பாதிக்கு மேல் ப் இல்லை. உள்ளூர்க்காரனுக்குத் தெரியாத ஒற்றா?

மைல்கல் மன்னன்
ஞாயிறு, காலை 10.40

கடைப்பலகையை வைத்து இலக்கணம் பேச நான் வரவில்லை.

(இதற்கு அப்புறம் ஒற்றைப் பற்றியே பதினொரு பதில்கள். மட்டுறுத்துநர் தனி இழைக்கு மாற்றிவிட்டார்.)

எண்வேட்டை
திங்கள், இரவு 10.20

மன்னிக்கவும், வேலை. போன்தான். ஃபிளாஷ் இல்லை, சத்தியமாக. நின்றுதான் எடுத்தேன். முப்பது மீட்டர் இருக்கும். லென்ஸ் துடைத்தேன். பனி இல்லை. தூங்கவும் இல்லை.

பழையலென்ஸ்
திங்கள், இரவு 10.44

அப்படியானால் நைட் மோட். சுற்றிலும் கும்மிருட்டு, பலகை சின்னதாக ஒரு மூலையில். போன் இருட்டைத்தான் கணக்கில் எடுத்து மொத்தத்தையும் தூக்கி வெளிச்சமாக்குகிறது. நைட் மோடை அணையுங்கள். திரையில் பலகைமேல் விரலை அழுத்திப் பிடித்தால் பூட்டுக்குறி வரும், பிறகு சூரியக்குறியைக் கீழே இழுங்கள். ஊரெல்லாம் கறுப்பாகிவிடும், பலகை நிற்கும்.

என்னைக் கேட்டால் இரவில் எடுப்பதே வேண்டாம். திருச்சி நோக்கிப் போகிறவர்களுக்கான பலகை வடகிழக்கைப் பார்த்து நிற்கும். காலை ஏழு மணி வெயில் நேராக அதன் முகத்தில் விழும். மத்தியானம் போனால் பெரும்பாலான மாதங்களில் முகம் நிழலில்தான் இருக்கும்.

எண்வேட்டை
திங்கள், இரவு 10.51

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து ஊருக்குப் போகும்போது மட்டும்தான் அந்த வழி. பகலில் வர முடியாது. சூரியக்குறி இழுத்துப் பார்த்தேன் சார், பலகையின் பச்சைப் பகுதி சரியாகிறது, எண் கட்டம் மட்டும் அப்படியே எரிகிறது.

பட்டறை அண்ணாச்சி (பதிவுகள்: 39)
செவ்வாய், காலை 5.55

தம்பி, எதில் போகிறீர்கள்? காரா பைக்கா?

எண்வேட்டை
செவ்வாய், காலை 8.12

பைக் அண்ணாச்சி. அதற்கும் இதற்கும் என்ன?

பட்டறை அண்ணாச்சி
செவ்வாய், காலை 8.30

எந்த வருட வண்டி? படம் எடுக்கும்போது இன்ஜின் ஓடுகிறதா? வண்டிமேல் உட்கார்ந்தபடியா எடுக்கிறீர்கள்?

எண்வேட்டை
செவ்வாய், மதியம் 1.40

2019. ஓடும். செல்ஃப் ஸ்டார்ட் சரியில்லை, அணைத்தால் அவ்வளவுதான். உட்கார்ந்தபடியேதான், இரண்டு கையாலும் போனைப் பிடித்து.

பட்டறை அண்ணாச்சி
செவ்வாய், மதியம் 2.05

அதுதான் சங்கதி. 2017 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகளில் ஹெட்லைட்டுக்கு சுவிட்சே கிடையாது. இன்ஜின் ஓடினால் விளக்கு எரிந்தே தீரும். நீங்கள் ஃபிளாஷ் போடவில்லை, உங்கள் வண்டி போட்டுக்கொண்டிருக்கிறது.

பழையலென்ஸ்
செவ்வாய், மதியம் 2.20

அண்ணாச்சி, கும்பிடு. எனக்குத் தோன்றவே இல்லை.

நெடுஞ்சாலைப் பலகைமேல் ஒட்டியிருக்கும் ஷீட்டில் பொடிப்பொடியாகக் கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ இருக்கும். வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசைக்கே திருப்பி அனுப்புவதுதான் அவற்றின் வேலை. ஓட்டுநர் கண்ணுக்கு எழுத்து பளிச்சென்று தெரிவது அதனால்தான். போன் ஹெட்லைட்டுக்கு ஓர் அடி மேலே இருந்தால், முப்பது மீட்டரில் இரண்டுக்கும் நடுவே அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல்தான் தேறும். திரும்பி வரும் வெளிச்சம் மொத்தமும் லென்ஸில். மூன்று மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் கிட்டத்தட்ட ஆறு டிகிரி ஆகிவிடும், பலகை சட்டென்று மங்கும். கீழே இறங்கித் தள்ளி நில்லுங்கள்.

கொள்ளிடக்கரை
செவ்வாய், மதியம் 2.48

சரி, அப்படியானால் முழுப் பலகையும் அல்லவா எரிய வேண்டும்? ஏன் எண் மட்டும்?

பட்டறை அண்ணாச்சி
செவ்வாய், மதியம் 3.15

பழைய நம்பர் பிளேட்டில் புது ஸ்டிக்கர் ஒட்டினால் அது மட்டும் மினுக்கும். அதே மாதிரி எண்மேல் புதுசாக ஏதோ ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பழைய ஷீட் வெயிலில் செத்திருக்கும், புது ஷீட் துடிப்பாக இருக்கும்.

மைல்கல் மன்னன்
செவ்வாய், மாலை 4.30

ஆக, 38 ஒட்டியிருக்கிறார்கள். நான் ஞாயிற்றுக்கிழமையே சொன்னேன்.

தாம்பரம்_தம்பி
செவ்வாய், மாலை 4.33

நீங்கள் தூக்கக்கலக்கம் என்றுதானே சொன்னீர்கள் சார்?

அதிகாலைப்பனி
செவ்வாய், மாலை 6.02

எல்லாம் இருக்கட்டும், நான்கு வழிச்சாலையில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஓரமாக வண்டியை நிறுத்தாதீர்கள். விளக்கையும் அணைத்துவிட்டால் பின்னால் வரும் லாரிக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. சர்வீஸ் ரோடு இருந்தால் அதில் நிறுத்தி நடந்து போங்கள். ஒளிரும் பட்டை வைத்த சட்டை கட்டாயம்.

எண்வேட்டை
ஞாயிறு, காலை 1.37

வேலை செய்தது. சர்வீஸ் ரோட்டில் அணைத்துவிட்டு நடந்து போய், அந்தப் பக்கம் போன கார்களின் வெளிச்சத்தில் எடுத்தேன். எண் தெளிவாக வந்துவிட்டது. 38 ஒட்டியிருக்கிறார்கள், வலது பக்கம் உரிந்து தொங்குகிறது, அடியில் 5 முழுசாகத் தெரிகிறது. அண்ணாச்சிக்கு நன்றி. செல்ஃப் எடுக்கவில்லை, ஒரு கிலோமீட்டர் தள்ளினேன்.

மைல்கல் மன்னன்
ஞாயிறு, காலை 7.15

படம்?

பட்டறை அண்ணாச்சி
ஞாயிறு, காலை 7.40

செல்ஃபுக்கு முதலில் பேட்டரி டெர்மினலைச் சுத்தம் பண்ணிப் பாருங்கள் தம்பி. அதற்கும் கேட்கவில்லை என்றால் கார்பன் பிரஷ்.

தாம்பரம்_தம்பி
புதன், இரவு 9.10

எண்வேட்டை, படம் போடுங்களேன். அப்பா கேட்கிறார்.