சரிவு நிலத்துச் சோளத்துக்கு ஜிபிஎஸ் மெஷின் தேவையா?

பசறை மேட்டுக்காரன்:
பெரும்போகச் சோளம் (மக்காச்சோளம்) 2 ஏக்கர் நிற்கிறது. பாதி சரிவு, பாதி படிக்கட்டு வரப்பு. மகியங்கனைப் பக்கம் ஒருவர் வெட்டு மெஷின் வாடகைக்குத் தருகிறார். எந்த மூலையில் எவ்வளவு விளைந்தது என்று அதுவே படம் போட்டுத் தருமாம். ரசாயன உரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறேன், அந்தப் படம் உதவும் என்று ஓர் ஆசை. நாலு பேர் சேர்ந்து எடுக்கலாமா?

கொழுந்துக்கூடை:
அண்ணே, மகியங்கனை சமதரை. உங்கள் மேட்டில் மெஷின் ஏறுவதற்குள் பாதிச் சோளம் டயருக்கடியில் போய்விடும். ஈரமண் அமுங்கினால் அடுத்த போகத்தில் வேர் இறங்காது. ஆள் வைத்து ஒடியுங்கள். தட்டையைச் சரிவுக்குக் குறுக்கே போட்டால் மழை மண்ணை அள்ளாது.

டேட்டா தம்பி:
ஆள் எங்கே இருக்கிறார்கள் அக்கா? தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் எல்லாம் கொழும்பில். அப்புறம், 2021இல் அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி நாம் பட்டது மறந்துவிட்டதா? எங்கே குறைக்கலாம் என்று தெரிந்து குறைத்தால்தான் நிலமும் பிழைக்கும், நாமும் பிழைப்போம். மெஷினுக்குள் மணி ஒரு தகட்டில் மோதும். அந்த மோதலின் விசையை வைத்து எடை, கூடவே ஈரம், இடம், மூன்றும் பதிவாகும்.

கொழுந்துக்கூடை:
மெஷின் சாய்ந்து நின்றால் மணி தகட்டில் விழும் விதமே மாறாதா? எடையும் தப்பாகும். சாதாரண ஜிபிஎஸ் நாலைந்து மீட்டர் தள்ளிக் காட்டும், அண்ணனின் படியோ மூன்று மீட்டர் அகலம். மேல்படி விளைச்சலைக் கீழ்ப்படிக் கணக்கில் எழுதிவிட்டு, அதைப் பார்த்து உரம் போடுவீர்களா?

டேட்டா தம்பி:
சென்டிமீட்டர் கணக்கில் காட்டும் கருவியும் இருக்கிறது. எடையைத் தராசில் நிறுத்துப் பார்த்து மெஷினைத் திருத்தவும் முடியும். ஆனால் 2 ஏக்கருக்கு அந்தச் செலவு கட்டாது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

பிபிலைக்காரன்:
மன்னிக்கவும், குறுக்கே வருகிறேன். நம் பணம் போவது மணியின் ஈரத்தில்தான். போன வருடம் 20 சதவீத ஈரத்தில் கொடுத்தேன், வாங்கியவர் 14க்குக் கணக்குப் பார்த்து 100 கிலோவுக்கு 12 கிலோ கழித்தார். அந்த 100 கிலோவில் காய்ந்த பொருள் 80 கிலோ. 14 சதவீத ஈரம் என்றால் காய்ந்த பொருள் 86 சதவீதம், ஆக 80ஐ 0.86ஆல் வகுத்தால் 93. கழிய வேண்டியது 7 கிலோதான்! கையில் ஈரம் பார்க்கிற மீட்டர் இருந்திருந்தால் அங்கேயே வாயைத் திறந்திருப்பேன். மணியின் அடிநுனியை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கறுப்புப் படலம் தெரிந்தால் முற்றிவிட்டது, ஆனால் ஈரம் இன்னும் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும். ஒடித்ததும் சாக்கில் கட்டிவிடாதீர்கள், பூஞ்சை வரும்.

டேட்டா தம்பி:
ஈர மீட்டரும் துல்லியத் தொழில்நுட்பம்தானே? சரி, மெஷினே எடுத்தாலும் பின்னால் நடந்து கீழே விழுந்த மணியை எண்ணுங்கள். சதுர அடிக்கு 2 மணி என்றால் ஏக்கருக்குச் சுமார் 25 கிலோ போச்சு.

கொழுந்துக்கூடை:
குரங்கும் காட்டுப்பன்றியும் தின்றதை எந்தப் படத்தில் காட்டுவீர்கள்?

பசறை மேட்டுக்காரன்:
கீழ்ப்படி வாழைக்குப் பக்கத்தில் கதிர் சின்னது என்று படம் இல்லாமலே எனக்குத் தெரியும். ஏன் என்றுதான் தெரியவில்லை. இந்த முறை ஒவ்வொரு படியையும் தனிச் சாக்கில் கட்டி நிறுத்து, கொப்பியில் எழுதப் போகிறேன். மெஷின் வேண்டாம், மீட்டரை நாலு பேரும் சேர்ந்து வாங்கலாம்.

டேட்டா தம்பி:
கொப்பியைப் படம் பிடித்து அனுப்புங்கள் அண்ணே, வரைபடம் நான் போடுகிறேன்.

கொழுந்துக்கூடை:
தராசை மேல்படிவரை யார் தூக்குவது, அதையும் சொல்லுங்கள்.