துருக்கியில் பொருளியல் நூல்கள் சாதாரண வாசகரிடம் போனது எப்படி?

மாங்குளத்தான்: எங்கடை சனசமூக நிலைய வாசிகசாலைக்குப் பொருளியல் நூல் ஒன்றைத் தமிழில் கொண்டுவர யோசனை. இப்போது இருப்பது உயர்தர (உ/த) பாடக்குறிப்புகள்தான். துருக்கியிலும் மொழிபெயர்ப்புகள் வழியாகவே இது பரவியதாம். அவர்கள் எதில் தொடங்கினார்கள்? அடம் ஸ்மித்தை எடுக்கலாமா?

முறிகண்டி: ஸ்மித் வேண்டாம். அங்கே கல்வி அமைச்சு ஸ்மித்தை வெளியிட்டதே 1948இல். தொடக்கம் 1852: பிரெஞ்சுக்காரர் ஜே. பி. சே 1815இல் எழுதிய கேள்வி-பதில் நூலை ஆர்மீனியரான செஹாக் அப்ரு ஒஸ்மானியத் துருக்கியில் தந்தார். மார்க்ஸின் 'மூலதனம்' விடயத்திலும் இதே கதை: 1933இல் ஹைதர் ரிஃபத் தந்தது பிரெஞ்சுச் சுருக்கம் ஒன்றின் மொழிபெயர்ப்பு. முழுநூல் பிறகுதான்.

வவுனிக்குளம்: அண்ணை சொல்வது சரி, ஆனால் 1852 நூலைப் படித்தது பெரும்பாலும் உத்தியோகத்தர்தான். ஊர்ச்சனத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தவர் நாவலாசிரியர் அஹ்மத் மித்ஹத். 1879இல் பொருளியலைப் பேச்சுநடையில் எழுதினார், பத்திரிகையும் நடத்தினார். 1928இல் அரபு எழுத்து போய் இலத்தீன் எழுத்து வந்ததும் இவையெல்லாம் புதிய தலைமுறைக்கு வாசிக்க முடியாத நூல்களாகிவிட்டன.

ஆகவே சேயின் கேள்விமுறையை எடுங்கள், உதாரணங்களை விடுங்கள். "அறுவடையில் நெல்விலை ஏன் விழுகிறது?" என்று கேளுங்கள். காலபோக அறுவடை எல்லா வயலிலும் ஒன்றாக முடியும். காயப்போட இடமில்லாதவர் ஈரநெல்லைக் களத்திலேயே கொடுத்துவிடுவார். 14 வீத ஈரப்பதத்துக்கு உலர்த்தி வைத்திருப்பவருக்குத்தான் பேரம்பேச நேரமிருக்கும். விலையும் நிரம்பலும் (சந்தைக்கு விற்க வரும் அளவு) இதிலேயே விளங்கிவிடும்.

மாங்குளத்தான்: பதிப்புரிமைப் பிரச்சினை வருமா? எத்தனை பக்கம் போடலாம்?

முறிகண்டி: இலங்கைச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 வருடம் வரை உரிமை. சே 1832இல் இறந்தவர், 1816இன் ஆங்கில மொழிபெயர்ப்பும் பழசு. அண்மைய மொழிபெயர்ப்பைப் பார்த்து எழுதினால்தான் சிக்கல்.

48 பக்கம் போதும். 16 பக்கப் படிவம் (மடித்த அச்சுத்தாள்) மூன்று, நடுவில் கம்பி அடித்தால் சரி. 50 பக்கமானால் நாலின் மடங்காக வராது, வெற்றுப் பக்கம் விழும். அச்சுக்குக் கொடுக்கமுன் வாசிகசாலையில் ஒரு அதிகாரத்தைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். கேட்பவர் "திரும்ப வாசியும்" என்கிற வரிகளைக் கோடிட்டு உடைத்தெழுதுங்கள். பணம் பற்றிய அதிகாரத்தை மட்டும் அப்படியே போடவேண்டாம். சே காலத்தில் பணம் என்றால் பொன், வெள்ளி நாணயம். இன்றைய தாளையும் வங்கிக் கடனையும் அதைவைத்து விளக்கப்போனால் பிழையாகிவிடும். அந்தப் பகுதியைப் புதிதாகவே எழுதுங்கள்.