நன்றிக் குறிப்பேட்டிலிருந்து எழுத்துக்குக் கரு எடுப்பது எப்படி?

வெற்றுத்தாள்:
அன்று நன்றியுடன் நினைக்கத் தோன்றியவற்றை இரவில் நன்றிக் குறிப்பேட்டில் மூன்று வரியாக எழுதுகிறேன். கதை, கட்டுரைக்கான சேமிப்பாகவும் அது இருக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் புரட்டிப் பார்த்தால் "உடல்நலம்", "குடும்பம்", "நல்ல நண்பர்கள்" என்று இதேதான் திரும்பத் திரும்ப வருகிறது. கருவென்று எதுவும் தேறவில்லை. எழுதும் முறையை எப்படி மாற்றலாம்? தினமும் எழுதத்தான் வேண்டுமா?

மைக்கூடு:
நீங்கள் எழுதுவதெல்லாம் தலைப்புகள். தலைப்புக்குள் எதுவும் நடப்பதில்லை. மூன்றை ஒன்றாகக் குறைத்து, அந்த ஒன்றுக்கு ஐந்தாறு வரி கொடுங்கள். யார், எந்த நேரத்தில், என்ன செய்தார், என்ன சொன்னார் (அவர் பேசிய சொற்களிலேயே), அதற்காக எதை விட்டுக்கொடுத்தார். கடைசிக் கேள்விதான் முக்கியம்.

"சக ஊழியர் உதவினார்" என்பதில் கதை இல்லை. "மகளின் பள்ளி விழாவுக்குக் கிளம்பியவர், கணக்கு நேராகும்வரை முக்கால் மணி நேரம் பையைத் தோளில் மாட்டியபடியே நின்றார்" என்றால் ஒரு மனிதர் உள்ளே வந்துவிடுகிறார். அந்தப் பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருக்குமா என்ற அடுத்த கேள்வியும் கூடவே வருகிறது. கரு அங்கேதான் இருக்கிறது.

இடப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். வலப்பக்கம் காலியாக இருக்கட்டும்.

ஓரக்குறிப்பு:
தினமும் வேண்டியதில்லை. உளவியலாளர் சோன்யா லுபோமிர்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட கட்டுரையில் ஆறு வார ஆய்வு ஒன்று வருகிறது. வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. பழகிப்போனால் கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. உங்கள் "குடும்பம், உடல்நலம்" அதன் அறிகுறி என்றே நினைக்கிறேன். ஆனால் நுணுக்கங்கள் ஒரு வாரம் நினைவில் தங்காது. ஆகவே பகலிலேயே நாலைந்து சொல் மொபைலில் குறித்துக்கொண்டு, வாரத்தில் ஒரு நாள் இருபது நிமிடம் உட்கார்ந்து, அவற்றில் ஒன்றை விரித்து எழுதுங்கள்.

மைக்கூடு சொன்ன வலப்பக்கத்துக்கு மூன்று நான்கு வாரம் கழித்து வாருங்கள். அதில் ஒரே கேள்வி: "இது நடக்காமலே போயிருந்தால்?" 2008இல் மிங்க்யுங் கூ, டேனியல் கில்பர்ட் உள்ளிட்டோர் வெளியிட்ட உளவியல் ஆய்வில், ஒரு நல்ல நிகழ்வு எப்படியெல்லாம் நடக்காமல் போயிருக்கலாம் என்று எழுதியவர்களின் மனநிலை, நடந்ததை மட்டும் நினைத்து எழுதியவர்களுடையதைவிட அதிகம் மேம்பட்டது. எழுதுபவருக்கு இதில் இன்னொரு லாபம்: நடக்காத அந்தப் பாதையே புனைவு.

பின்பக்கம்:
நன்றியை மட்டும் எடுத்து எழுதினால் எல்லாரும் நல்லவர்களாகி, எழுத்து தட்டையாகிவிடும். உரசல் உள்ள குறிப்புகளைத் தேடி ஓரத்தில் புள்ளி வையுங்கள்: சொல்லாமல் விட்ட நன்றி, திருப்பித் தர வழியில்லாத கடன், உதவியை வாங்கும்போது வந்த கூச்சம், உதவியவர் மேலேயே இருந்த கோபம். புள்ளி வைத்தவற்றையே முதலில் எடுங்கள்.

குறிப்பேட்டுக்குள்ளேயே நடையை மெருகேற்றாதீர்கள். வாசகரை நினைத்த உடனே சங்கடமான விவரங்கள் விடுபட்டுப்போகும். வரைவு வேறு தாளில். அங்கே பெயரை மாற்றினால் மட்டும் போதாது, தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். உறவு, தொழில், வயது மூன்றையும் மாற்றி, அந்த ஒரு செய்கையை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

வெற்றுத்தாள்:
மிக்க நன்றி. ஏற்கெனவே எழுதிய பக்கங்களை என்ன செய்வது?

மைக்கூடு:
தேதி போட்டிருந்தால், அன்று எடுத்த படங்களையும் வந்த செய்திகளையும் பக்கத்தில் வைத்து, ஒரு வரிக்குப் பத்து நிமிடம் கொடுத்துப் பாருங்கள். ஒரு காட்சியாவது வந்தால் விரித்து எழுதலாம். வராவிட்டால் இட்டுக்கட்டாமல் அடுத்த வரிக்குப் போங்கள்.