'மொட்' என்பதற்கு 'அரண்மேடு': ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

அயர்லாந்தின் லாங்ஃபோர்டு கவுண்டியில், கிரானார்டு என்னும் சிற்றூரின் ஓரத்தில் நிற்கும் 'மொட்' (motte), அதாவது கோட்டைக்காக எழுப்பிய மண்மேட்டைப் பற்றிய நம் கட்டுரை வரைவில் 'அகழி' என்று இருப்பதைத் திருத்தியாக வேண்டும். பிழை நேர்ந்த வழி விளங்குகிறது. அயர்லாந்து மக்கள் இத்தகைய மேட்டை 'மோட்' (moat) என்றே அழைக்கிறார்கள். அகராதியோ அந்தச் சொல்லுக்கு அகழி என்று பொருள் தருகிறது. 'மொட்', 'மோட்' இரண்டும் மேட்டைக் குறித்த ஒரே பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தவை. பொது ஆங்கிலத்தில் அச்சொல் மேட்டை விட்டிறங்கி, சுற்றியுள்ள பள்ளத்துக்குப் பெயராகிவிட்டது. அயர்லாந்தின் ஊர்வழக்கில் மேட்டிலேயே நின்றுவிட்டது.

1169இல் அயர்லாந்தில் படையோடு வந்திறங்கிய நார்மானியருக்கு, தாம் கைப்பற்றிய நிலத்தை உடனே காக்க வேண்டியிருந்தது. கற்கோட்டைக்கோ ஆண்டுக்கணக்கில் காலம் பிடிக்கும். ஆகவே வட்டமாகப் பள்ளம் வெட்டி, வெட்டிய மண்ணை நடுவில் கொட்டி இறுக்கி, தலை சீவிய கூம்பைப் போல உயர்த்தி, உச்சியில் மரவேலியும் மரக்கோபுரமும் அமைத்தார்கள். கிரானார்டு மேட்டை 1199இல் நார்மானியப் பிரபு ரிச்சர்டு டி டியூட் எழுப்பினார். அந்த மரவேலைப்பாடு எதுவும் இன்று இல்லை. புல் போர்த்த செங்குத்துச் சரிவும், உச்சியில் 1932இல் நிறுவிய புனித பேட்ரிக் சிலையும்தான் கண்ணில் படுகின்றன.

முன்னர் இங்கே பரிந்துரைக்கப்பட்ட 'கோட்டைமேடு' காதுக்கு இனிய சொல்தான். ஆனால் நம் ஊர்களில் கோட்டை இருந்து அழிந்த இடத்துக்கே அப்பெயர் வழங்குகிறது. அங்கே மேடு கோட்டையின் எச்சம். இங்கோ மேடு முந்தியது, கோட்டை அதன்மேல் பிந்தியது. 'மண்கோட்டை' என்றால் மண்சுவர் எழுப்பிய கோட்டைதான் நினைவுக்கு வரும். 'பதணம்' என்ற பழஞ்சொல்லை மீட்டெடுக்க எனக்கு மிகுந்த ஆசை உண்டு. எனினும் அது மதிலின் உட்புற மேடையைக் குறிப்பது, தனித்து நிற்கும் மேட்டுக்குப் பொருந்தாது.

எனவே, அரணாகவே எழுப்பப்பட்ட மேடு என்ற பொருளில் 'அரண்மேடு' என்பதை முன்மொழிகிறேன். மேட்டின் அடியில் வேலியிட்டு, குதிரை லாயமும் களஞ்சியமும் சமையற்கூடமும் வைத்திருந்த 'பெய்லி'க்கு 'அரண்முற்றம்' இயல்பாகவே இணையாக அமையும். நார்மானியருக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே உழவர் குடும்பங்கள் தம் வீட்டைச் சுற்றி எழுப்பிய வட்ட மண்கரையான 'ராத்'துக்கு இச்சொல்லைப் பயன்படுத்தலாகாது. அதற்கு 'வட்டக்கரை' போதும்.

ஊரார் வழங்கும் 'கிரானார்டு மோட்' என்ற இடப்பெயரை மட்டும் மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதுவோம்.