சிலிக்கான் பள்ளம் வி வடிவமாகவே வருகிறது (எஃப்ஐபி: குவித்த அயனிக் கற்றையால் வெட்டுதல்)

கேள்வி:
கேலியம் அயனிக் கற்றை, 30 கிலோவோல்ட், 1 நானோஆம்பியர். பள்ளம் 10 மைக்ரான் நீளம், 1 அகலம், 5 ஆழம். புள்ளி இடைவெளி 25 நானோமீட்டர், ஒரே பாஸில் (கற்றை முழுப் பரப்பையும் ஒருமுறை கடப்பது) புள்ளிக்குச் சுமார் 12 மில்லிசெகண்ட். சுவர் கீழே போகப்போகக் குறுகிவிடுகிறது. எதை மாற்றலாம்?

நுண்கற்றை:
ஒரே பாஸ்தான் காரணம். தெறிக்கும் சிலிக்கான் அணுக்கள் வெளியேற வழியின்றி, இப்போதுதான் வெட்டிய பக்கத்திலேயே ஒட்டிக்கொள்கின்றன. ட்வெல் டைமை (கற்றை ஒரு புள்ளியில் நிற்கும் நேரம்) 1 மைக்ரோசெகண்டாகக் குறைத்து, பாஸ்களைப் பல்லாயிரமாக்குங்கள். மொத்த டோஸ் (பாயும் அயனி மின்னூட்டம்) மாற வேண்டாம்: சிலிக்கானில் நானோகூலூம்புக்கு ஏறத்தாழ 0.27 கன மைக்ரான் வெட்டுப்படும், ஆக 50 கன மைக்ரானுக்கு 185 நானோகூலூம்பு, 1 நானோஆம்பியரில் மூன்று நிமிடம்.

அயனித்தச்சு:
அது பெரும்பகுதியைச் சரிசெய்யும், முழுதாக அல்ல. 5:1 ஆழத்தில் சாய்வு மிஞ்சும். ஸ்டேஜை (மாதிரி இருக்கும் மேடை) 2 டிகிரி கூடுதலாகச் சாய்த்து, 100 பிகோஆம்பியரில் ஒரு சுவரைச் சீவுங்கள். மறு சுவருக்கு 180 டிகிரி திருப்புங்கள். வெட்டும் முன் மேற்பரப்பைக் காக்கப் பிளாட்டினம் மூடி அவசியம். முதல் அடுக்கை எலக்ட்ரான் கற்றையால் போடுங்கள். நேரே அயனியால் போட்டால் மேற்பரப்பே சிதையும். கற்றையின் வால் (மையத்தைச் சுற்றி மங்கலாகப் பரவும் அயனிகள்) விளிம்பை மழுக்குவதையும் அந்த மூடிதான் தாங்கும்.

நுண்கற்றை:
சீனான் டைஃப்ளூரைடு வாயு ஆசை வேண்டாம். மறுபடிவு (தெறித்த அணுக்கள் மீண்டும் ஒட்டுவது) குறையும், ஆனால் கற்றை படாத சிலிக்கானையும் அது அரிக்கும். கடைசியில் கற்றையை 2 முதல் 5 கிலோவோல்ட்டில் ஒருமுறை ஓட்டுங்கள். 30 கிலோவோல்ட் சுவரில் 20 நானோமீட்டருக்கு மேல் படிக ஒழுங்கு குலைந்திருக்கும்.

ஒளிவெட்டு:
இதே வடிவத்தை 50×50×20 மைக்ரானுக்கு வளர்ப்பதாக இருந்தால் 20 நானோஆம்பியரிலும் இரண்டரை மணி நேரம் பிடிக்கும். அங்கே ஃபெம்டோசெகண்ட் லேசரால் முரட்டு வெட்டு, கடைசிச் சில மைக்ரானுக்கு மட்டும் அயனி.